சம்பந்திகளுக்கு ஏரிக்கரையில் ஜாகை பார்த்த கதை

கல்யாண வீட்டில் எந்த வேலையை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பந்தல்கால் நடுங்கள், பூசணிக்காய் நறுக்குங்கள், தவில்காரரைத் தேடிக்கொண்டு ஓடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் தங்க ஜாகை பார்க்கிற வேலையை மட்டும் யாராவது தந்தால், வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள். குழம்பில் உப்பில்லை என்றால் சமையற்காரரைத் திட்டுவார்கள். ஜாகை சரியில்லை என்றால் பெண் வீட்டாரின் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள்.

இந்தப் புத்தி எனக்கு வந்தது என் அக்கா கனகாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகலில்தான். அதுவரை நான் பெரிய மேதாவி. ஒரு தடவை பட்டணம் போய்வந்தவன் அல்லவா!

மாப்பிள்ளை அந்தப் பட்டணத்துக்காரர்தான். அவர் அப்பா பொன்னுரங்கத்துக்கு அங்கே மூக்குப்பொடிக் கடை. களம்பூரில் இருக்கிற ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கு ரயில் வந்த புதிதில், எங்கள் ஊருக்குப் பட்டுச்சேலை வாங்க வந்த இடத்தில் பேச்சு வளர்ந்து முடிவான சம்பந்தம் இது. மனிதர் தங்கமானவர். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. பெண் பார்க்க வந்த அன்று களம்பூரில் ரயிலை விட்டு இறங்கியதும் பூனை குறுக்கே ஓடியது என்று, அப்படியே திரும்பிப் போய் மறுவாரம் வந்தவர். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா எம் பொண்ணு தறிக்குழியிலேயே உக்காந்துகினு கெடக்க வேண்டியதுதான்" என்று அம்மா கண்ணைக் கசக்காத நாள் கிடையாது.

அண்ணாமலைக்குப் போகிற யாத்திரை வண்டிகளெல்லாம் எங்கள் ஊரில் நின்று போவது வழக்கம். அதனால் கடைத்தெருச் சத்திரத்தில் எப்போதும் மாடுகள் உள்ளேயும் மனிதர்கள் வெளியேயும் படுத்திருப்பார்கள். மாமா வீடு பெரிதுதான், ஆனால் கூடம் முழுக்கத் தறி. அசந்து நடந்தால் சம்பந்தியைத் தறிக்குழியிலிருந்து தூக்கி எடுக்க நேரிடும்.

"சத்திரத்தையே கழுவி உட்டுக்கலாம்டா" என்றார் நைனா. (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

"இன்னா நைனா நீ! அவங்க பட்டணத்து ஜனம். சாயங்காலமானா கடலோரம் போயி காத்து வாங்கறவங்க. நமக்குக் கடலு இல்ல, ஏரி இருக்குதே!"

ஏரிக்கரையில் ஒரு தோட்ட வீடு காலியாக இருந்தது. தளும்பத் தளும்பத் தண்ணீர், வரிசையாகப் பனைமரம், தூரத்தில் நீலமாக ஜவ்வாது மலை, நாலு பக்கமும் ஜன்னல். பக்கத்திலேயே பட்டு அவிக்கிற கொட்டகை. கச்சாப் பட்டில் புழுவின் பசை ஒட்டியிருக்கும். அது போவதற்காக அண்டாவில் சோடாக் காரம் போட்டு நூலை வேகவைப்பார்கள். அதைப் பார்த்ததும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, சம்பந்திகள் குளிக்க வெந்நீருக்குப் பஞ்சமில்லை' என்று நினைத்தேன். (அடேயப்பா, என்ன மூளை!)

நைனாவும் மாமாவும் வந்து பார்த்தார்கள். நன்றாக மூச்சை இழுத்து, "காத்துன்னா இதான்டா காத்து" என்று என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பிற்பகல் களம்பூரிலிருந்து மாட்டுவண்டிகள் வந்து நின்றன. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அத்தை. இறங்கிய காலோடு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பின்னால் வந்த ஒருவர் பனைமரத்தடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

"இன்னாய்யா இது நாத்தம்? எதுனா செத்துகித்து கெடக்குதா?" என்றார் பொன்னுரங்கம்.

நாங்கள் பதறிப்போய் மோந்து பார்த்தோம். மாமா மூலைமூலையாகப் போய் மோந்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்.

"ஒண்ணும் தெரியலீங்களே! ஏரிக்காத்துதான் வருது" என்றார் நைனா, நிஜமாகவே.

என் வாய் சும்மா இருந்ததா? "ஜன்னலத் தொறந்தா இன்னும் நல்லா வரும்ங்க" என்று சொல்லி, கொட்டகைப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்துவிட்டேன்.

அவ்வளவுதான், பொன்னுரங்கம் கத்தத் தொடங்கினார். "எங்களப் பாத்தா கேலியா கீதா? வேணும்னே அசிங்கப்படுத்தறீங்களா? டேய், வண்டியத் திருப்புங்கடா! ஜல்தி! சாயங்கால ரயிலுக்குப் போயிடலாம்!"

நைனா கும்பிட்டபடி நின்றார். கையில் மருதாணி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காவை நினைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கு மூக்கென்று முகத்துக்கு நடுவில் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன பிரயோசனம்!

பொன்னுரங்கம் ஆத்திரத்தோடு ஒரு சிட்டிகைப் பொடியை இழுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் கால் வைத்தார். உதறிய துண்டு என் முகத்துக்கு நேரே வந்து போனது.

"ஹச்!"

வைத்த கால் கீழே இறங்கியது. "எவன்டா அது?"

"நாந்தாங்க."

"ஒத்தத் தும்மலா?"

"ஆமாங்க."

புறப்படும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் அவர் எப்படிக் கிளம்புவார்? படியில் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொஞ்சம் பொறுத்து எழுந்தார், துண்டை உதறினார், கால் வைத்தார்.

"ஹச்!"

"ரெண்டாச்சு அண்ணே! ரெட்டத் தும்மலு நல்லதுதானே, கெளம்பு" என்றார் அத்தை, முந்தானைக்குள்ளிருந்து.

"நடுவுல தண்ணி குடிச்சாச்சு. அது அதோட தீந்துபோச்சு. இது தனி ஒத்த" என்று மறுபடியும் உட்கார்ந்தார்.

மூன்றாவது தடவையும் அதுவே நடந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வேணும்னே தும்முறியா நீ?"

"ஐயோ, இல்லீங்க! உங்க துண்டுல கீற பொடிங்க!"

"துண்டுல ஏதுடா பொடி?" அவர் துண்டை மூக்கில் வைத்து இழுத்தார். கூட வந்திருந்த தன் தம்பியிடம் கொடுத்தார். தம்பி இழுத்துவிட்டு அத்தையிடம் கொடுத்தார். யாரும் தும்மவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணும் தெரியலியே!" என்றார் பொன்னுரங்கம், நிஜமாகவே.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரில் நைனா இன்னும் கும்பிட்ட கையோடு நின்றிருந்தார். முதலில் சிரித்தது அத்தைதான். "அண்ணே, அவங்க சொன்னதையேதான் நீயும் சொல்ற! அவங்க மூக்குக்குப் பட்டு பழகிப்போச்சு, நம்ம மூக்குக்குப் பொடி!" அதற்குப் பிறகு சிரிக்காதவர் யாருமில்லை. பொன்னுரங்கத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரயிலு இந்நேரம் போயிருக்கும் நைனா" என்று மாப்பிள்ளை தன் அப்பாவிடம் முதல்முறையாக வாயைத் திறந்தார். "சத்திரத்துக்கே போலாமே."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. உடனே ஓர் ஆள் சத்திரத்து மாடுகளை வெளியேற்ற ஓடினான். சம்பந்திகள் மறுபடியும் வண்டி ஏறியபோது, மாமா இரண்டு விரலால் என் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசி வண்டி கரையை விட்டு இறங்கித் திரும்பும்வரை விடவில்லை. அதன்பிறகு நான் தும்மிய தும்மலுக்குக் கொக்கெல்லாம் பறந்துபோயின. மறுநாள் காலை அக்கா கழுத்தில் தாலி ஏறியது. தாலி கட்டும்போது என் மூக்கைப் பிடித்துக்கொண்டது நைனா.

இன்று வரை எங்கள் வீட்டில் யாராவது வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், "தம்பியக் கூட்டிகினு போங்க, மூக்காலேயே பாத்துடுவான்" என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அக்கா பிறந்த வீட்டுக்கு வந்தால், திரும்ப அழைத்துப் போக அவள் மாமனாரே வருவார். வண்டி வாசலில் நிற்கும். விடைபெறுகிற சாக்கில் அக்கா என் பக்கத்தில் வந்து, முந்தானையில் மறைத்து வைத்திருக்கும் அவருடைய பொடிடப்பியை என் மூக்குக்கு நேரே திறப்பாள்.

"ஒண்ணே ஒண்ணுடா தம்பி. நாளைக்குப் போறேன்."

ஒன்றோடு நிறுத்த இப்போது நன்றாகப் பழகிவிட்டேன். இரண்டாகிவிட்டால் ரயிலைப் பிடித்துவிடுவார்கள்.