ஒரு கண்ணாடிக்கு ஒரு கோடு

என் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் நான் முதலாளியாக இருந்திருக்கிறேன். காலை ஒன்பதரை மணிக்கு ஆரம்பித்து, பகல் பன்னிரண்டுக்கெல்லாம் முடிந்துபோனது. அதற்குள் செம்பூரில் ஒரு கௌரவமான பெரிய மனிதரை, இடுப்பில் துண்டும் காதில் சோப்பு நுரையுமாக நடுவாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பேர் என்னவோ பேச்சியம்மாள், வாயில் பேச்சுதான் வராது. கடையில் அழுகல் தக்காளி போட்டுக் கொடுத்தால் மாற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டுக்கு வந்து அதிலேயே ரசம் வைப்பேன். பஸ்ஸில் பெல் அடிக்கக் கூச்சமாக இருக்கும். வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். (ஒரு தடவை டிராம்பே வரைக்கும் போய்விட்டேன். நல்ல காற்று.)

எங்கள் வீடு தாராவியில். என் மகன் செல்வம் ஜன்னல் கண்ணாடி துடைக்கிற கம்பெனி வைத்திருக்கிறான். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு கயிறு, ஒரு ஏணி, ஐந்தாறு வைப்பர், மூன்று ஆள். கயிற்றில் தொங்கி வெளிப்பக்கம் துடைக்கிறவர் ஆறுமுகம். வீட்டுக்குள் நின்று உள்பக்கம் துடைக்கிறவள் எஸ்தர். கீழே ஆள் வராமல் பார்த்துக்கொண்டு தண்ணீர் சுமக்கிறவன் சந்தோஷ். மராத்திக்காரன், முப்பது வயது, என்னை மாவ்ஷி, அதாவது சித்தி, என்பான்.

பதினாலு மாடியில் தொங்கியபோதெல்லாம் ஒன்றும் ஆகாத செல்வம், தீபாவளிக்கு முந்தின மாதம் எங்கள் வீட்டு இரும்பு ஏணியின் மூன்றாவது படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டான். கண்ணாடி துடைக்கிறவர்களுக்குத் தீபாவளிச் சமயம்தான் வருஷத்துச் சம்பாத்தியம். இவன் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து எஸ்தர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, இந்த மாசத்தோட நான் நின்னுக்கிடுதேன். ஐரோலில ஒரு ஆபீஸ் கட்டடத்துல ஆள் கேக்காங்க."

"ஏன்ட்டி?"

"ஏனா? ஆறுமுகம் அண்ணன் தொங்குத அன்னைக்குக் கூடுதலா வாங்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல, உசிரப் பணயம் வைக்க வேல. ஆனா மாசத்துல பாதி நாளு அவரும் என்கூட உள்ளதான நிக்காரு? ஒரே ஏணி, ஒரே பக்கெட்டு. அவரு அந்தக் கண்ணாடியத் துடைச்சா நான் இந்தக் கண்ணாடி. அப்பவும் எனக்கு முக்காக் கூலிதானா? நான் துடைச்ச கண்ணாடி வழியா வெயிலு முக்காவாசிதான் வருதா?"

எங்களிடம் ஏழு வருஷமாக இருக்கிறவள். கடைக்காரனிடம் எனக்காகத் தக்காளியை மாற்றி வாங்கித் தந்திருக்கிறாள். அவள் போய்விட்டால் எனக்குப் பாதி வாய் போன மாதிரி.

மகனிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் ஊர் ரேட்டும்மா. எல்லாரும் அப்படித்தான் குடுக்கான். நீ பேசாம இரு" என்றான். (அறுபத்தெட்டு வருஷமாகப் பேசாமல் இருக்கிறவளிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

படுத்தால் எஸ்தர் சொன்ன வெயில்தான் கண்ணில் நின்றது. மூன்று நாள் யோசித்தேன். நான் அஞ்சாங்கிளாஸ். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கடைசியில் ஒரு யோசனை உதித்தது, அதுதான் வினை.

கல்யாணமாகி தாராவிக்கு வந்ததிலிருந்து இருபது வருஷம் நான் சட்டைத் தையல் கடையில் நூல் வெட்டினேன். அங்கே நாள் கூலி கிடையாது, பீஸ் ரேட்டு. எங்கள் சந்தில் எல்லா வேலைக்கும் அதே கணக்குதான். ஒரு டஜன் சட்டைக்கு இவ்வளவு என்றால், வெட்டினது ஆம்பிளையா பொம்பிளையா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஆகா, பேச்சியம்மா, உனக்குள்ளும் மூளை இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் செம்பூரில் ஏழு மாடிக் கட்டடம். உள்ளும் வெளியும் துடைத்துத் தர வேண்டும். நாலு வருஷமாக எங்களையே கூப்பிடுகிற குடியிருப்புச் சொசைட்டி அது. செல்வத்துக்கு அதுதான் முதுகெலும்பு. "நீ போய்ச் சும்மா உக்காந்திரும்மா. எஸ்தர் பாத்துக்கிடுவா" என்று அனுப்பிவைத்தான். சும்மா உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

சயானில் பஸ் பிடித்து நாலு பேரும் போய் இறங்கினோம். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். பையிலிருந்து ஒரு ரூல் போட்ட நோட்டை எடுத்தேன். தொண்டையைச் செருமினேன். மூன்று பேரும், எனக்கு ஏதோ உடம்புக்கு ஆகவில்லை என்று கிட்டே வந்தார்கள்.

"இன்னைக்கு நாள் கூலி இல்ல. பீஸ் ரேட்டு. ஒரு கண்ணாடிக்கு ஒரு கோடு. ஆம்பளைக்கும் அதே கோடு, பொம்பளைக்கும் அதே கோடு."

"க்யா போலி?" என்றான் சந்தோஷ், என்ன சொன்னேன் என்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவனுக்கு எங்கே கேட்கும்? எஸ்தர் உரக்க அவனுக்கு இந்தியில் சொன்னாள்.

ஆறுமுகம் தலையைச் சொறிந்தார். "பெரியம்மா, ஹாலுக் கண்ணாடி கதவு உசரம் இருக்கும். அதுக்கும் ஒரு கோடுதானா?"

"ஒரு கோடுதான்" என்றேன், நீதிபதி மாதிரி. எல்லாச் சட்டைக்கும் இரண்டு கைதான். ஜன்னல்கள் அப்படி இல்லை என்பது எனக்கு உச்சிவெயிலில்தான் விளங்கியது.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. எஸ்தர் இறங்கி வந்தாள்.

"நாப்பத்தெட்டு போடுங்க பெரியம்மா."

"எங்கன இருந்துட்டி நாப்பத்தெட்டு?"

"பாத்ரூம் ஜன்னலு. ஒண்ணுல எட்டுப் பட்டை, ஆறு பாத்ரூம். ஒவ்வொரு பட்டையும் தனித்தனிக் கண்ணாடிதான?"

உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. அவள் என்னை ஆழம் பார்த்திருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. உள்ளங்கை அகலத்தில் சாய்த்து அடுக்கின பட்டையும் கண்ணாடிதான், இல்லை என்று எப்படிச் சொல்வது? நாற்பத்தெட்டுக் கோடு போட்டேன்.

ஹால் பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஆறுமுகம் மேலேயிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் அதுவரை துடைத்தது நாலே நாலு. சோப்புத் தண்ணீர் அடித்த கண்ணாடிகளை அப்படியே விட்டுவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்க் கயிற்றைப் பாத்ரூம் பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினார். சற்று நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம்.

"ஏ எஸ்தரு, விடு! இது நான் துடைச்ச கண்ணாடி!"

"உள்ள வந்து பாரும், யாரு துடைச்சதுன்னு!"

"நீ வெளிய வந்து பாரு!"

"நான் எப்படிவே வருவேன் வெளிய? அஞ்சாம் மாடி!"

ஒரே பட்டையை அவர் வெளியிலிருந்தும் இவள் உள்ளிருந்தும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் துடைத்தால் ஒரு கோடா இரண்டு கோடா என்று என் சட்டத்தில் இல்லை. நான் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மறைத்த நோட்டுக்கு மேலாகப் பார்த்தால் சந்தோஷ் பக்கெட்டோடு நிற்கிறான். அவனுக்கு ஜன்னலே இல்லையே, அவனும் சம்சாரிதானே? "மாவ்ஷி, யே பீ தோ காச் ஹை!" என்று கையை வீசிக் காட்டினான். இதுவும் கண்ணாடிதானே என்கிறான். காட்டினது நிறுத்தி வைத்திருந்த கார்களை! ஏழு கார். ஒரு காருக்கு ஆறு கண்ணாடி, பக்கவாட்டு மிரரையும் சேர்த்தால் எட்டு. அதோடு நோட்டீஸ் போர்டு, லிப்டுக்குள் இருந்த கண்ணாடி, கரண்ட் மீட்டர்கள் ஒவ்வொன்றின் மூடி. அவன் நெருங்கி வருவதைப் பார்த்து வாட்ச்மேன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வர வேண்டுமே! கோடு போட்டேன், போட்டேன், பக்கம் பக்கமாகப் போட்டேன். மேலே ஹால் கண்ணாடிகளில் சோப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக இழுத்திருந்தது. பால்கனிகளில் ஒவ்வொரு தலையாக முளைக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் நாலாவது மாடியிலிருந்து அந்த அலறல் கேட்டது.

அங்கேதான் சொசைட்டி செகரட்டரி சார் இருக்கிறார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இந்த வருஷம்தான் செகரட்டரி ஆனவர், செல்வத்தைப் பார்த்ததே இல்லை. மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கி வந்து, நிதானமாக வெந்நீரில் குளிக்கிறவர். உள்ளிருந்து தாழ் போட்டிருந்ததால் எஸ்தர் அந்தப் பாத்ரூமை விட்டுவிட்டாள். வெளியே தொங்கிய ஆறுமுகத்துக்கோ தொடாத எட்டுப் பட்டை தெரிகிறது. ஆவி படிந்து மங்கலாக வேறு இருக்கிறது. "அழுக்குன்னுதான் நெனச்சேன்" என்று பிற்பாடு அடித்துச் சொன்னார். பட்டையைத் திறந்தால் உள்ளே சார், முகமெல்லாம் சோப்போடு. ஆறுமுகம் மரியாதை தெரிந்த ஆள். "வணக்கம் சார்" என்றிருக்கிறார்.

லிப்டுக் கதவு திறந்தது. துண்டோடு சார் வந்தார். பின்னாலேயே எஸ்தரும் படியிறங்கி ஓடி வந்தாள்.

"நான் குளிச்சிண்டிருக்கேன், ஒருத்தன் ஜன்னல்ல வந்து வணக்கம் சொல்றான்! ஹால் கண்ணாடியெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு! இன்னியோட உங்க சங்காத்தமே வேண்டாம்! யாரு? யாரு இதுக்கு ஓனர்?"

வாசலில் இருபது பேர் இருப்பார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையில் நோட்டு வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அப்போது என் வலது கை, நான் சொல்லாமலே, தானாக மேலே எழும்பி எஸ்தரைச் சுட்டிக்காட்டியது.

ஆமாம். சம்பளம் போதவில்லை என்று வேலையை விட்டுப் போகிறவளைக் காட்டி, இவள்தான் ஓனர் என்று விரலாலேயே சொன்னேன். இன்றைக்கும் அந்த விரலைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

எஸ்தர் என் விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா சார். நான்தான் ஓனர்."

சார் கொஞ்சம் அடங்கினார்.

"தப்பு எங்க பேருலதான் சார். குளிக்கிற நேரம் கேட்டுட்டு வந்திருக்கணும். சாயங்காலத்துக்குள்ள ஹாலு கண்ணாடி பூரா திரும்பத் துடைச்சுத் தாரோம். ஒரு கோடு தெரிஞ்சாலும் எங்களக் கூப்பிட வேண்டாம். நீங்க மொதல்ல மேல போங்க சார், சோப்பு கண்ணுல எறங்கப் போவுது."

பிறகு திரும்பினாள். "ஆறுமுகண்ணே, கயித்த ஹால் பக்கம் மாத்தும். சந்தோஷ், காடி பஸ், பானி லா." கார் போதும், தண்ணீர் கொண்டுவா என்கிறாள். கடைசியாக, தணிந்த குரலில், "பெரியம்மா, அந்த நோட்ட மூடுங்க."

மூடினேன். என் ஆட்சி முடிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏழு மாடியும் பளபளவென்று நின்றது. செகரட்டரி சார், இப்போது சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் வந்துடும்மா. ஓனர்னா இப்படித்தான் பொறுப்பா பேசணும்" என்று எஸ்தரிடம் சொன்னார். அவளுக்கு நாற்காலியும் டீயும் வந்தன. (நாற்காலி நான் உட்கார்ந்திருந்ததுதான்.)

திரும்பி வரும்போது பஸ்ஸில் தலை நிமிராமல், "என்னைய மன்னிச்சிருட்டி" என்றேன்.

"எதுக்கு பெரியம்மா? இத்தன வருசத்துல என்னையக் காட்டி ஓனருன்னு சொன்னது நீங்க ஒராளுதான்" என்றாள். சிரிக்கிறாளா, இல்லையா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

வீட்டுக்குப் போவதற்கு முன்பே செல்வத்துக்கு போன் வந்துவிட்டது. தீபாவளிக்கு அப்புறம் பக்கத்துக் கட்டடத்துக்கும் ஆள் வேண்டுமாம், இவனைப் போன் எடுக்கிற பையன் என்று நினைத்து, ஓனர் மேடத்திடம் சொல்லிவிடு என்றாராம் சார்.

"எந்த ஓனர் மேடம்?" என்று என்னைக் கேட்டான். சொன்னேன். கோடு, கார், வணக்கம், துண்டு, விரல், எல்லாம். சிரித்துச் சிரித்து மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினான்.

"எஸ்தரக்கா ஐரோலிக்குப் போறான்னு சொன்னியே?"

"ஆமா, மாசக் கடைசில."

"யம்மா! ஓனரே வேலைய விட்டுப் போயிட்டான்னு அந்த மனுசன்கிட்ட எப்படிச் சொல்ல?"

மறுநாள் காலையில் அவனே எஸ்தரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினான். இனி எல்லாருக்கும் ஒரே நாள் கூலி. கயிற்றில் தொங்குகிற அன்றைக்கு மட்டும், யார் தொங்கினாலும், தொங்கினதற்குத் தனிக் காசு. தண்ணீர் சுமக்கிற சந்தோஷுக்கும் அதே நாள் கூலிதான் என்று எஸ்தர் சேர்த்துக் கேட்டாள், அதுவும் ஆயிற்று. ஊர் ரேட்டைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. ஆறுமுகம் கோபிப்பாரோ என்று பயந்தேன். "அந்தக் கோட்டு நோட்ட மட்டும் திரும்ப எடுத்துராதிய, பெரியம்மா" என்றார், அவ்வளவுதான்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு நான் செய்த நியாயம் கார் கண்ணாடி துடைக்கிறதில் போய் முடிந்தது. பயந்து நீட்டின விரல் ஒரு நொடியில் காரியத்தை முடித்துவிட்டது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன தீபாவளிக்குப் போனபோது செகரட்டரி சார் எஸ்தரிடம் ஒரு இனிப்பு டப்பா கொடுத்தார். அவள் மேலே போனதும் என் பக்கம் வந்து குனிந்து, ரகசியமாகக் கேட்டார்: "பாட்டி, இந்த வயசுல வேலைக்கு வரேள். ஓனர் உங்களுக்குச் சம்பளமெல்லாம் ஒழுங்கா தராளோ?"

"தாராக சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

படிக்கட்டில் நின்ற எஸ்தர் காதில் அது விழுந்து தொலைத்தது. அன்றிலிருந்து மாதா மாதம் சம்பளம் வாங்கின கையோடு எல்லாருக்கும் வடாபாவ் வாங்கி வருவாள். என் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, "பெரியம்மா, ஒங்களுக்குச் சம்பளம் ஒழுங்கா வருதா?" என்பாள். நான் கையை நீட்ட வேண்டும். அதில் பாதி வடாபாவைப் பிட்டு வைப்பாள்.

"பாதிதானாட்டி?" என்று ஒரு தடவை கேட்டேன். அவ்வளவு பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"நீங்க போட்ட ரேட்டுதான் பெரியம்மா" என்றாள். "பீஸ் ரேட்டு."