அமாவாசையன்று மாசிச் சம்பல்

ஓர் ஊரில் எத்தனை பேருக்குப் பசிக்கும் என்று கணக்கெடுக்கத் தெரிந்த எனக்கு, இன்றைக்கு என்ன நாள் என்று யாரையும் கேட்கத் தெரியவில்லை. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்கள் சிறு தொழில் தொடங்க உதவும் தொண்டு நிறுவனத்தின் ஆளாக ஆரணிக்கு வந்தேன். தெற்கத்திக்காரன். வாடகை அறை, மெஸ் சாப்பாடு, பேச்சுத்துணைக்கு மின்விசிறி (அதுவும் கரண்ட் இருந்தால்). என் முதல் பொறுப்பு யோகமலர் அக்கா. போய்க்கொண்டிருந்த கூலி வேலையை என்னை நம்பி விட்டுவிட்டு, இடியாப்பக் கடை போட வந்தவர்.

நான் சும்மா இருப்பேனா? கேள்வித்தாளோடு நெசவாளர் தெருவில் வீடு வீடாக அலைந்தேன். தறியில் உட்காருமுன் என்ன சாப்பிடுவீர்கள், காரம் பிடிக்குமா என்றெல்லாம் கேட்டு, தெருமுனையில் தள்ளுவண்டி, இடியாப்பத்துக்கு மாசிக் கருவாடு இடித்துப் போட்ட சம்பல் என்று முடிவு செய்தேன். திறப்பு விழாவுக்கு நாளும் நானே குறித்தேன். நிறைந்த அமாவாசை; நல்ல நாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். (எவ்வளவு பொறுப்பான பிள்ளை, பாருங்கள்.)

காலை ஏழு மணிக்கு ரிப்பன் கட்டி, நூறு பேருக்கான இடியாப்பத்தோடு நின்றோம். எட்டாயிற்று. ஒன்பதாயிற்று. தெருவில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நெசவாளர் ஒருவர் வண்டியை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“இன்னா சார், அமாவாசை அதுவுமா கருவாட்ட வச்சிகினு நிக்கறீங்க? இன்னிக்கு தறி லீவு. கவுச்சி யாரு சார் துன்னுவாங்க?”

நான்கு மாதமாக அந்த ஊரில் இருந்தேன். அத்தனை அமாவாசையும் அறைக்குள்ளேயே போயிருக்கிறது. லீவு என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை. உங்களுக்குமா தெரியாது என்று அக்காவைக் கேட்டேன்.

“தெரியும் தம்பி. நானே இண்டைக்கு விரதம். நீங்கள் சொன்னியள், செய்தன். பெரிய ஆக்கள் சொன்னா ஏன் எண்டு கேக்காமலே முகாமில இவ்வளவு காலம் இருந்து பழகிட்டம்.”

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விரதமில்லாத ஒரே ஆள் நான். அக்கா தட்டு வைத்தார். அத்தனை வெட்கத்திலும் பதினான்கு இடியாப்பம் உள்ளே போனது. ஆரணியில் ஒருவர் பக்கத்தில் நின்று, போதுமா என்று கேட்டு எனக்குப் பரிமாறியது அன்றுதான். மீதியை முகாமின் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கொடுத்தோம்.

மறுநாள் தன் இஷ்டப்படி அக்காவே கடையைத் திறந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. பத்து மணிக்குள் சட்டி காலி. இன்று அவருக்கு இரண்டு வண்டிகள்; எனக்கு அவர் வீட்டில் ‘அமாவாசைத் தம்பி’ என்று பெயர்.

நான் சென்னைக்கு வந்து வருடங்களாகியும் மாதம் தவறாமல் போன் வரும். “தம்பி, இண்டைக்கு அமாவாசை. கடை கிடை திறந்திடாதையுங்கோ.” பின்னால் குடும்பமே சிரிக்கும்.

என் அறைச் சுவரில் காலண்டர் இருக்கிறது. அமாவாசைகளை வருட ஆரம்பத்திலேயே வட்டமிட்டு வைத்துவிடுவேன். அன்று என்னை ஒருவர் கூப்பிடுவார். ஆனாலும், “அப்படியா அக்கா, இன்னைக்கா?” என்றுதான் கேட்பேன்.