பதினாலாம் படுக்கையின் பிள்ளை

"பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்?"

வரவேற்பு மேசையில் இருந்த பெண் இப்படிக் கேட்பாள் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாவது மாடி, பதினாலாம் படுக்கை என்பதுவரைதான் சுவர்ப் பலகையைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று உலகத்தில் எத்தனையோ உறவு இருக்க, அவர் வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்பா."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வீட்டு ஃபோன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு, மஞ்சள் அட்டை ஒன்றை நீட்டினாள். அட்டை அன்றைக்கு மட்டும்தான் செல்லும். தினமும் நேரில் வந்து புதிதாக வாங்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் கடைத்தெருவில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி செய்துகொடுப்பவர். ஐம்பது வயது. விமானப் பைத்தியம். சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லிவிடுவார். மனைவிக்குத்தான் அதைக் கேட்கப் பொறுமை கிடையாது. ஆறு வருஷமாக அவர் காத்திருந்தது ஒரே ஒரு விமானத்துக்கு. நடுவில் எங்கும் இறங்காமல் பாதி உலகத்தைத் தாண்டக்கூடியது. வாங்கப்போகிறோம் என்று விமான நிறுவனம் அறிவித்தது, தள்ளிப்போட்டது, மறுபடி அறிவித்தது. கடைசியில் வருகிற வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு முதல் தடவையாக இந்த ஊரில் தரையிறங்கப் போகிறது.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் ஓடுதளத்தை ஒட்டிய மண்மேட்டில் நின்றுதான் பார்ப்பார்கள். போன மாதம் அங்கே இரண்டு ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த உயரமான இடம் இந்த ஆஸ்பத்திரியின் மொட்டைமாடிதான். நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் மட்டும் அங்கே துணி உலர்த்தப் போகலாம். கண்ணாடிக்காரர் இதைக் கண்டுபிடித்ததும் யாரிடமும் மூச்சு விடவில்லை. கூட்டம் சேர்ந்தால் காவலாளி விரட்டிவிடுவான் என்று தன் மனசாட்சிக்குக் காரணம் சொல்லிக்கொண்டார்.

மஞ்சள் அட்டையோடு நேரே மாடிக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஐந்தாவது மாடியில் நர்ஸ் மறித்தாள்.

"பதினாலா? நீங்களாவது கொஞ்ச நேரம் உட்காருங்க சார். உங்க அண்ணன் தம்பிங்க மாதிரி வந்ததும் காணாமப் போயிடாதீங்க."

அப்படியென்றால் நிஜப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த நேரத்திலும் வந்து நிற்பார்கள். நர்ஸ் அவருடைய ஒரு கையில் ஈரத்துண்டையும் மறுகையில் ரேஸரையும் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

பெரியவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மூக்கில் குழாய். ஒரு வார முடி முகத்தில் வெள்ளையாக முளைத்திருந்தது. கண்ணைத் திறந்து கண்ணாடிக்காரரைப் பார்த்தார், தோளில் தொங்கிய கேமராப் பையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"வந்துட்டியாப்பா" என்றார்.

அறிவு தடுமாறிப்போன ஒரு மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று கண்ணாடிக்காரருக்கு உறுத்தியது. குற்ற உணர்ச்சியில் கொஞ்சம் கூடுதல் அக்கறையாகவே ஷேவ் செய்துவிட்டார். அதுதான் வினையாகப் போனது. மாலைக்குள் அந்த வார்டு முழுவதும் அவரை நல்ல பிள்ளை என்று முடிவுகட்டிவிட்டது. கஞ்சி ஊட்ட, படுக்கை மாற்ற, புரட்டிப் படுக்கவைக்க என்று எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். மாடிக்குப் போக அவருக்குக் கிடைத்தது பத்து நிமிஷம். ஓடுதளம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோலக் கண்ணுக்கு நேரே கிடந்தது. அந்தக் காட்சிக்காக இன்னும் மூன்று நாள் பிள்ளையாக இருக்கலாம் என்று பட்டது.

செவ்வாய்க்கிழமை, படுத்துப் படுத்துப் புண்ணாகியிருந்த முதுகுக்கு மருந்து தடவினார். புதன்கிழமை டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, நுரையீரலில் நீர் ஏறுகிறது, சுவாச மெஷினில் போட ஒரு கையெழுத்து வேண்டும், மற்ற பிள்ளைகள் யாரும் கண்ணில் படவில்லை என்றார். போட்டால் என்ன ஆகும் என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"நாள் தள்ளிப்போகும். அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

முன்பின் தெரியாத ஒருவருடைய உயிருக்குக் கையெழுத்துப் போட முடியுமா? போட மாட்டேன் என்றால் நாளைக்கு அட்டை கிடைக்குமா? அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கண்ணாடிக்காரர் நழுவினார். பொறுப்பான நர்ஸ் அதையும் விடவில்லை. படிவத்தில் இருந்த நம்பருக்கு ஃபோன் செய்து, மாமனார் சீரியஸ், அண்ணனைக் கையோடு வரச்சொல்லுங்கள் என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டாள். மனைவி பதறிப்போய்க் கணவரின் அண்ணன் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். அதை எடுத்ததே மாமனார்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடிக்காரர் பெரியவருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். கழுத்தில் கேமரா தொங்கியது. திரும்பினால், வாசலில் மனைவி. அவளுக்குப் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா.

அப்பா படுக்கையைப் பார்த்தார். சீப்பைப் பார்த்தார்.

"என்னை வந்து பார்க்க நாலு மாசமா உனக்கு நேரமில்லை. மூணு பஸ் ஸ்டாப்தான். இங்க மூணு நாளா அப்பாவுக்கு ஷேவ் பண்ணி விடுறியாமே."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அதற்குள் நர்ஸ் வந்து, இவர் யார் என்றாள்.

"சித்தப்பா" என்றார் கண்ணாடிக்காரர், தரையைப் பார்த்து. "அப்பாவோட தம்பி."

"அப்போ நல்லதாப் போச்சு. நீங்களே கையெழுத்துப் போடுங்க ஐயா, கூடப் பிறந்தவர்தானே."

அப்பா மகனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அண்ணனைக் கேக்காம நான் எதுவும் செய்யறதில்லை" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பெரியவரின் உதட்டில் ஒற்றினார். பெரியவரும் அப்பாவின் வயதுக்காரர்தான்.

மணி பத்தரை. பெரியவரின் மூச்சு ஏறி இறங்குவது கட்டில் ஆடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. கண்ணாடிக்காரரின் மணிக்கட்டை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வந்துடுச்சா?" என்றார் பெரியவர்.

சாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லப்பா, ஒண்ணும் வரலை" என்றார் கண்ணாடிக்காரர். அந்த 'அப்பா' அவர் அறியாமலேயே வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நிஜ அப்பா அதைக் கேட்டுவிட்டுப் பஞ்சை மறுபடி தண்ணீரில் நனைத்தார்.

பெரியவர் பிடியை விட்டார். அந்தக் கையாலேயே கண்ணாடிக்காரரின் நெஞ்சில் மெல்லத் தள்ளினார். விரலைக் கூரைப்பக்கம் காட்டினார்.

"மேல... மேல..."

"மேல போறேங்கிறாரு" என்று மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்து முப்பத்தெட்டு. மொட்டைமாடிக்குப் போகிற படி இருபது தப்படி தூரத்தில் இருந்தது. ஓடினால் போதும். கண்ணாடிக்காரர் எழுந்தார், கேமராவைப் பிடித்தார், கதவுவரை போனார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. அப்பாகூடத் தலைநிமிரவில்லை, பெரியவரின் கையைத் தன் கைக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். எலும்பு புடைத்த இரண்டு கைகள். எது யாருடையது என்று தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் சுவர்தான் தெரிந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சத்தமே இல்லாமல் இறங்கும் என்பதுதான் அந்த விமானத்தின் பெருமை. ஆறு வருஷம் காத்திருந்தது அவர் தலைக்கு மேலே எப்போது தாண்டிப்போனது என்று தெரியாமலே போய்விட்டது. பத்து நாற்பத்தைந்துக்கு நர்ஸ் பெரியவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குழாயை எடுத்தாள்.

அப்பா எழுந்து, சட்டையை நீவிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வருவியா?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். மனைவி மாமனாரைக் கைத்தாங்கலாக லிஃப்டுக்குக் கூட்டிப்போனாள்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வந்து, வெள்ளைத் துணியை உதறி, பெரியவரின் கால்மாட்டிலிருந்து மூட ஆரம்பித்தார். ஒரு மாதமாகப் பெரியவரை எக்ஸ்ரேவுக்கும் குளியலறைக்கும் தள்ளிக்கொண்டு போனவர். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. நிஜப் பிள்ளைகள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"நான் இவரோட பிள்ளை இல்லை. விமானம் பார்க்க மாடிக்குப் போகணும்னு பொய் சொல்லி வந்தவன். இவர் பெத்த பிள்ளைங்களுக்குத் தகவல் சொல்லணும், நம்பர் இருக்கா?"

அவர் துணியை முகம்வரை இழுத்துவிட்டு, மடிப்பைச் சரிசெய்தார்.

"விமானம் பார்க்க வந்தவங்கன்னு அவருக்கும் தெரியும் சார், அவருக்குத்தான் கல்யாணமே ஆகலையே, மேல கேமராவோட நிக்கிற மத்த நாலு பிள்ளைங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுறீங்களா?"