ஹெட்லைட்டைச் சந்தேகித்த கதை

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. முட்டை வாங்கினால் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாளே பங்குக்கோயிலுக்குப் போய், ஞானஸ்நானப் பதிவேட்டில் பெண்ணின் வயதைச் சரிபார்த்தேன். (சொன்னபடியே இருந்தது. அதுவேறு என் சந்தேகத்தைக் கிளப்பியது.)

இப்படிப்பட்டவன் ஒரு பழைய மினி லாரியை வாங்கினேன். காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. பழத்தை நானே ஏற்றிக்கொண்டு போவேன். வண்டியில் மற்றதெல்லாம் சரி, ஹெட்லைட் பல்பு மட்டும் பத்து நாளைக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு முறையும் சின்னமனூரில் பாண்டி என்கிற எலக்ட்ரீசியனிடம் போய் நிற்பேன். அவன் பெட்டியிலிருந்து புது பல்பை எடுத்ததும் நான் வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, நிஜமாகவே புதுசுதானா என்று பார்ப்பேன்.

"அண்ணே, கண்ணாடியத் தொடாதீக. கை பட்டா சீக்கிரம் போயிரும்" என்பான்.

சீக்கிரம் போகப்போவது இவனுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? பழைய பல்பைத் துடைத்துக் கொடுக்கிறான், மாட்டிக்கொண்டால் சொல்ல ஒரு காரணம் தயார் செய்து வைத்திருக்கிறான். அவன் எத்தனை முறை சொன்னானோ அத்தனை முறை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போகப்போக, வண்டியோடு வந்த கம்பெனி ஹெட்லைட்டையே கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டானோ என்றும் தோன்றியது.

அந்தச் சமயத்தில் வண்டியை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டியிருந்தது. தேனிக்குக் கொண்டுபோய்த் தகுதிச் சான்றிதழ் வாங்காவிட்டால் வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. தோட்டத்தில் பழம் பழுத்துத் தொங்குகிறது. மறுநாள் எஃப்.சி. என்கிற நிலையில், பாண்டியை நம்புவதைவிட வீட்டிலேயே ஹெட்லைட்டைக் கழற்றி நானே பல்பு மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

வண்டியை வாசலில் நிறுத்தி, போனில் வீடியோவைப் பார்த்தபடி முன்பக்க கிரில்லைக் கழற்றினேன். பக்கத்துக்கு நாலு ஸ்க்ரூ, ஒரு பிளக். ஹெட்லைட் கையோடு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறையும் பார்க்கவே, இரண்டு ஹெட்லைட்டையும் உள்ளே தூக்கிப் போய்க் கட்டிலில் வைத்துப் போர்வையால் மூடினேன்.

என் மனைவி ஜெசிந்தா கதவருகே நின்று பார்த்தாள். "யாருங்க படுத்திருக்கிறது?"

"ஹெட்லைட்டு."

அவளுடைய நெயில் பாலீஷை எடுத்து ஒவ்வொரு பாகத்திலும் ஒரு புள்ளி வைத்தேன். இனி எவன் மாற்றினாலும் தெரிந்துவிடும்.

பல்பு இரண்டை மட்டும் கம்பம் டவுனில் முன்பின் தெரியாத கடையில் வாங்கி வந்தேன். பெட்டியின்மேல் ஒரு கையின் படம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறி போட்டிருந்தது. கையால் செய்ததல்ல, மிஷினில் செய்தது என்று பொருள் கொண்டேன். நல்ல கம்பெனி. இரண்டு பல்பையும் எடுத்து முகர்ந்தேன், விரலால் நாலு சுற்றுத் தேய்த்தேன், வியர்வையில் நனைந்திருந்த பனியனால் ஒரு துடை துடைத்தேன். இடதுபக்க பல்பு லேசில் உட்காரவில்லை. திருப்பி வைத்து அழுத்தினேன். உட்கார்ந்தது.

எல்லாம் மாட்டி முடித்தபோது இரண்டு ஸ்க்ரூ தரையில் கிடந்தன.

"இது ரெண்டும்?" என்றாள் ஜெசிந்தா.

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவாப் போட்டிருப்பான்."

"நீங்களா இதை நம்புறீக?"

மறுநாள் தேனிக்குப் போனோம். அங்கே இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டுமென்று ஜெசிந்தாவும் ஏறிக்கொண்டாள். வாகன ஆய்வாளர் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி லைட்டைப் போடச் சொன்னார். வலது விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தது. இடது விளக்கின் வெளிச்சம் சுவரில் விழவே இல்லை. தேடிப் பார்த்ததில், சுவருக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தின் உச்சிக்கிளையில் மங்கலாகத் தெரிந்தது.

"காக்காவுக்கா லைட் அடிக்கிறீங்க?" என்றார். வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "எலக்ட்ரீசியன் பண்ணின ஃபிராடு வேலை சார். சின்னமனூர் பாண்டின்னு ஒருத்தன்."

ஆய்வாளர் என் தோளுக்கு மேலே பார்த்து, "பாண்டி, இங்க வாப்பா" என்றார்.

எனக்குப் பின்னால் மூன்றாவதாக நின்ற வேனிலிருந்து பாண்டி இறங்கி வந்தான். (வேறு யாருக்கோ எஃப்.சி. காட்ட வந்திருக்கிறான்.) வலதுபக்க ஹெட்லைட்டில் கைவைத்தான். இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் நின்ற அது வெளியே சரிந்து, வயரில் தொங்கியது. உள்ளே அங்கங்கே ரோஸ் நிறப் புள்ளிகள்.

"இது என்னண்ணே, அம்மையா?"

"என்னோட நெயில் பாலீஷ்" என்று கேபினுக்குள்ளிருந்து ஜெசிந்தா சொன்னாள். "நேத்துப் பூரா இவுகதான் கழட்டி மாட்டுனாக."

பாண்டி செத்துப்போன பல்பை உருவி வெளிச்சத்தில் காட்டினான். கண்ணாடியில் கருகிய புகைபோல ஒரு முழுக் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாகத் தெளிவாக இருந்தது. ஆய்வாளர் அதைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். நான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டேன்.

"விரல்ல இருக்கிற எண்ணெப்பசை பட்டா, சூட்டுல அந்த இடமே கருகிரும்ண்ணே" என்றான் பாண்டி. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "துணியச் சுத்தி அடியில பிடிக்கணும். இன்னொரு பக்கம் பல்பத் தலைகீழா மாட்டியிருக்கீக."

தன் பையிலிருந்து புது பல்பு எடுத்து, கால்மணி நேரத்தில் இரண்டையும் சரிசெய்தான். நான் கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். வண்டி பாஸானது. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், அவனுக்கு ஒரு டீ வாங்கி நீட்டினேன். வாங்கியவன் ஒரு நொடி தயங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தான். அதில் தப்பு சொல்ல முடியுமா?

அந்த பல்புகள் இன்றைக்கும் எரிகின்றன. கதையை ஜெசிந்தா அன்று மதியமே தங்கச்சி வீட்டில் அவிழ்த்துவிட்டாள். போன மாதம் அந்தத் தங்கச்சிக்குப் பேரன் பிறந்தான். பார்க்கப் போனபோது, ஆசையாகக் குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். கொழுந்தியாள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"மச்சான், துணியோட சேத்து அடியில பிடிங்க. தேச்சு கீச்சுப் பாத்துறாதீக."