விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நல்ல தூக்கம்

சுமாரான அறையில் தங்குவதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. கொசுவாவது கடித்து எழுப்பிவிடும். நான் தேடிப் பிடித்த அறையில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அதன் குறை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான் (பல்கலைக்கழகத்தையும் பார்த்தாயிற்று என்பதை அடக்கத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்). அந்தப் படிப்பெல்லாம் குவைத்தில் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்து அம்மா அனுப்பியது. நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது போனவர், இடையில் ஒரே ஒரு தடவை வந்து போனார். இப்போது ஒரேயடியாகத் திரும்பி வருகிறார். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வெளிய வந்த ஒடனே ஒங்க மூணு பேரு மூஞ்சியத்தான் மொதல்ல பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அப்பா, தம்பி, நான். மூன்று முகங்களைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால் போதும். ஆனால் நான் படித்தவள் அல்லவா? கூட்டிக்கொண்டு நேராக பஸ் ஏறலாம் என்று அப்பா சொன்னபோது, அம்மா ஒரு நாளாவது ராணி மாதிரி காலை நீட்டி உட்காரட்டும் என்று சொல்லிவிட்டேன். விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் வீடு மாதிரியே ஒரு வாடகை அறை. சின்னக் குசினி, கூடம், படுக்கையறை. நமக்குக் கட்டுப்படியாகும் வாடகை.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். பனிமூட்டத்துக்குள் அந்தப் பாறையில் உட்கார்ந்து ஒரு மாதம் அறை தேடினேன். ஒவ்வொரு படத்திலும் அம்மாவை உட்காரவைத்துப் பார்ப்பேன். ஜன்னலோரம் அம்மா, கையில் நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர், வெளியே மெதுவாக மேலேறும் விமானம். பனி வந்து படத்தையும் என்னையும் சேர்த்து மூடும். மறுபடி விலகும்.

கடைசியில் எடுத்த அறையைப் பற்றி முன்பு தங்கியவர்கள் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தேன். ஏசி மலை உச்சி மாதிரி குளிர்கிறது, இரைச்சலும் அதிகம் என்று ஒருவர். (நம்மூர்க் குளிர்!) ஜன்னல் சீலை தடிப்பு, விடிந்ததே தெரியவில்லை என்று இன்னொருவர். (எவ்வளவு வசதி!) எச்சரிக்கைகளை எல்லாம் பாராட்டாகப் படித்து முடித்துப் பணத்தைக் கட்டினேன்.

பதுளையில் இருந்து இரவு பஸ். பெரகலை மலைப்பாதை வளைவுகளில் தம்பி வாந்தி எடுத்தான், அவனைப் பார்த்து அப்பா எடுத்தார், இருவரையும் நான் கவனித்தேன். யாரும் கண் மூடவில்லை. காலையில் கட்டுநாயக்கா வெயிலில் தள்ளாடியபடி அறைக்குள் நுழைந்தோம். அம்மா வருவது பிற்பகலில். கொஞ்சம் படுத்து எழும்பலாம் என்று முடிவாயிற்று. அலாரம் வைத்தேன். என் சார்ஜர் குசினிச் சுவரில் மட்டுமே பொருந்தியதால் போனை அங்கே செருகிவிட்டு, குளிர் வெளியே போகாமல் படுக்கையறைக் கதவை இறுக்கிச் சாத்தினேன். வெளிக் கதவைப் பூட்டவில்லை. பகலில் கதவு பூட்டும் பழக்கம் லயத்தில் ஏது?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் லயம் தேயிலை பெக்டரிக்கு நேர் கீழே இருக்கிறது. கொழுந்து வாட்டும் பெரிய விசிறிகள் இரவெல்லாம் ஓடும். அந்த இரைச்சலில் பிறந்து, அதிலேயே தூங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். சத்தம் நின்றால்தான் எங்களுக்கு விழிப்பு வரும். கைக்குழந்தை கூட அப்போதுதான் அழும். அந்த ஏசிக்கு அச்சு அசல் அதே குரல்.

"பெக்டரி ஓடுது" என்றார் அப்பா, கண்ணை மூடியபடி. அடுத்து வந்தது குறட்டைதான்.

நான் கனவு கண்டேன். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறக்கிறது, உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகப் பனி வருகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அம்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். எங்கோ கோயில் மணி அடிக்கிறது. (அலாரம்.) நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. (அம்மாவின் அழைப்புகள்.) ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். கனவிலேயே வரவேற்பை முடித்துவிட்டதால் எழும்ப வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை.

திடீரென்று சத்தம் நின்றது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். இருட்டில், கட்டில் ஓரத்தில், தலையில் துணி சுற்றிய ஒரு பெண் ஏசி ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாதித் தூக்கம். ஆனாலும் வாடகை கட்டியவளின் மிடுக்கு விடுமா?

"அக்கா, சுத்தம் பண்ண பொறகு வாங்க" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"சரிங்க மேடம்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அப்பா கட்டிலில் இருந்து இறங்கினாரா விழுந்தாரா என்று இன்றுவரை எங்களுக்குள் விவாதம் இருக்கிறது. தம்பி அழ ஆரம்பித்தான். இத்தனை வருடம் மற்றவர் வீடு துடைத்துத் திரும்பியவரிடம் அந்தப் படிப்பு பேசிய முதல் வாசகம் அது.

வாசல் கம்பியோரம் நின்று, மற்றவர்களை அவரவர் ஆட்கள் கட்டிப்பிடித்துக் கூட்டிப்போவதைப் பார்த்திருக்கிறார் அம்மா. நாங்கள் வந்த பஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, நான் பெருமையாக அனுப்பியிருந்த விலாசத்தைக் காட்டி ஆட்டோ பிடித்திருக்கிறார். வந்தும் வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஏம்மா எழுப்பல?" என்றேன், ஒருவழியாக.

"மூஞ்சியப் பாக்கணும்னு சொன்னேன்ல. பாத்துக்கிட்டு இருந்தேன். மூணும் வாயத் தொறந்துக்கிட்டு கெடந்துச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குளிரு தாங்கலன்னுதான் நிப்பாட்டுனேன். தள்ளிப் படு."

எங்கள் போர்வைகளை எல்லாம் எடுத்துச் சுற்றிக்கொண்டு நடுவில் படுத்தார். மறுநாள் விடியும்வரை எழும்பவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நாங்கள் மூவரும் சுவரோரம் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே விமானங்களின் இரைச்சல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கரைந்தது.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் மேடம். வாசல் கூட்டும்போது நான் குறுக்கே நின்றால், பொறகு வரட்டுங்களா என்று அம்மா பணிவாகக் கேட்பார். தம்பி இப்போது தோஹாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். அடுத்த மாதம் லீவில் வருகிறான். கூட்டிப்போக வரவா என்று போன வாரம் கேட்டேன்.

"வேணாம் மேடம்" என்றான். "நீங்க நல்ல ரூமா பாத்துத் தூங்குங்க. நா எறங்கி வந்து எழுப்புறேன்."