அரிசியைத் தொடாத கல்லீரல் சார்

டெல்லியில் தமிழன் குளிரைப் பொறுப்பான், ஹிந்தியைப் பொறுப்பான், சோறில்லாத ஒரு வேளையைப் பொறுக்கமாட்டான். இந்த விதியை மூன்று வருஷம் ஒற்றை ஆளாக எதிர்த்தவர் எங்கள் கல்லீரல் சார்.

எழுபதுகளின் கடைசி. கரோல் பாக்கில் ஒரு மாடியில் எட்டு பிரம்மச்சாரிகள் சேர்ந்து மெஸ் நடத்தினோம். ஏழு பேர் குமாஸ்தா. திருநெல்வேலிக்காரரான சார் மட்டும் ஆராய்ச்சிக்கூட உதவியாளர். அங்கே எலிகளுக்கு மாவுச்சத்தைக் குறைத்து வெண்ணெய் கொடுத்து, அவற்றின் உறுப்புகளில் மைட்டோகாண்ட்ரியா என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பார்களாம். செல்லுக்குள் எரியும் அடுப்பாம் அது. எலிக்கு வெண்ணெய், எங்களுக்கு டால்டா என்பதுதான் எங்களுக்கு உறைத்தது. சாருக்கு வேறென்னவோ உறைத்து, சோற்றையே விட்டுவிட்டார்.

நாங்கள் சாம்பார் சாதம் பிசையும்போது, அவர் பனீரும் வேர்க்கடலையும் மென்றபடி பாடம் எடுப்பார்.

"எல்லா அடுப்பும் ஒண்ணு இல்ல வே. இதயம் கொழுப்ப ஜோரா எரிக்கும். தசை மெல்லப் பழகிக்கிடும். மூளைதான் அடம்பிடிக்கும். அதுக்குன்னு கல்லீரல் கொழுப்புல இருந்து கீட்டோன்னு ஒண்ணு சமைச்சு அனுப்புது. ஆனா தான் சமைச்சதுல ஒரு வாய் அது திங்காது!"

"பாவம் சார், அதுக்கு ஒரு கரண்டி ரசமாவது ஊத்துங்க" என்போம். பெயர் வந்தது அப்படித்தான்.

பொங்கலன்று நெய்யும் முந்திரியும் மணக்க, சார் தன்மேல் நம்பிக்கையில்லாமல் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். கடைசிப் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டபிறகுதான், ஜனவரிக் குளிரில் பல் கிட்டிக்க வெளியே வந்தார்.

அடுத்த வாரம் எனக்கு டைபாய்டு. சமையல்காரர் ஊருக்குப் போயிருந்தார். கஞ்சி தவிர எதுவும் கூடாது என்றார் டாக்டர். எழுந்து நிற்கவே முடியவில்லை. பிழைப்பேனா என்று பயந்து போர்வைக்குள் அழுதேன். சார் லீவு போட்டார். ரேஷன் க்யூவில் நின்று அரிசி வாங்கிவந்து, ஸ்டவ்வில் குழையக் குழையக் கஞ்சி காய்ச்சினார்.

"சார், நீங்க போய் அரிசியத் தொட்டு..."

"பேசாமக் குடியும் வே. உம்ம அடுப்பு அணையாம இருந்தாச் சரி."

வாயில் வைத்தேன். கடல்! ருசி பார்க்கத்தான் அவர் நாக்கில் வைக்கமாட்டாரே.

"உப்பு சரியா இருக்கா?" என்று என் முகத்தையே பார்த்தார்.

"அமிர்தம் சார்."

அவ்வளவுதான், பதினைந்து நாளும் அதே உப்பு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துப் பிழைத்தேன்.

அதற்கப்புறம் யார் காய்ச்சிய கஞ்சியிலும் எனக்கு உப்பு போதவில்லை.