மேற்படி உலோகத்துண்டு

பொய்யைப் பரப்புவதற்கு மனித குலம் இணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உண்மையை நிலைநாட்ட அப்படி எதுவும் தேவைப்படவில்லை. தென்காசியில் நாங்கள் நான்கு பேர் போதுமானவர்களாக இருந்தோம்.

நான்கு பேரும் சேர்ந்து 'தென்காசி வட்டாரத் தொன்மை நாணய ஆய்வுப் பேரவை' (பதிவு விண்ணப்ப நிலையில்) என்ற அமைப்பை நடத்திவந்தோம். தலைவர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர். செயலாளர் நான், தேவா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். மற்ற இருவர் உறுப்பினர்கள். கூட்டம் என்று ஒன்று நடந்தால் எதிரே உட்கார ஆள் வேண்டுமல்லவா? பேரவைக் கூட்டங்கள் என் ஸ்டுடியோவின் டார்க் ரூமில், சிவப்பு விளக்கின் கீழ் நடைபெறும். அந்த வெளிச்சத்தில் எந்தக் காசும் பழங்காசாகத்தான் தெரியும். பேரவையின் வளர்ச்சிக்கு அந்த விளக்கு ஆற்றிய தொண்டு சாதாரணமானதல்ல.

இப்போதுள்ள பிள்ளைகள் ஒரு காசைக் கண்டால் செல்போனை நீட்டுகிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் அரசன் பெயர், ஆண்டு, விலை எல்லாம் வந்து விழுகின்றன. இதில் மனித முயற்சி எங்கே இருக்கிறது? எங்களிடம் 'விஞ்ஞான' முறை இருந்தது. எழுத்து தேய்ந்திருந்தால் பழைய காசு. பாதி அழிந்திருந்தால் மிகப் பழைய காசு. ஒன்றுமே தெரியாவிட்டால் சங்ககாலம். எந்த வம்சத்துக் காசு என்பதைக் கைதூக்கி வாக்கெடுத்து முடிவு செய்வோம். பெரும்பாலும் பாண்டியர்களே வெற்றி பெறுவார்கள். ஒரு உறுப்பினருக்கு, முன்பு திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையில் மாமியார் வீடு. அவர் மட்டும் விடாமல் சேரருக்குக் கை தூக்குவார். அவருடைய மாற்றுக் கருத்தையும் மதித்து அவருக்கும் டீ சொல்வோம்.

இப்படிப்பட்ட பேரவைக்குக் கிடைத்ததுதான் இரட்டை மீன் காசு. கீழப்பாவூரில் பழைய பாத்திரக் கடை ஒன்றில் அண்ணாச்சி வெண்கல உருளி வாங்கப் போனார். உருளியின் அடியில் ஒட்டிக்கொண்டு காசு இலவசமாக வந்தது. ஒரு பக்கம் இரண்டு மீன். மறுபக்கம் நிற்கும் அரசன், அல்லது குத்துவிளக்கு. இதற்கு வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. செங்கோட்டை மருமகனே மீனைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டார்.

நான் அதை இரண்டு பக்கமும் படமெடுத்தேன். அண்ணாச்சி படங்களைச் சென்னையில் இருந்த ஒரு நாணயவியல் பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பினார். பதில் வருவதற்குள் குற்றாலத்தில் ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்கியிருந்தது. இப்படியொரு வகையைத் தாம் கண்டதேயில்லை என்றும், நேரில் பார்த்து உறுதியானால் தமது நூலில் 'சிவனணைந்தபெருமாள் வகை' என்றே பெயரிட்டுச் சேர்ப்பதாகவும் பேராசிரியர் எழுதியிருந்தார். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதா என்ற வரலாற்றுக் கேள்வியும் அதில் இருந்தது.

அண்ணாச்சி அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஊரார் நிலத்துக்கெல்லாம் ஊரார் பெயரை எழுதிக் கொடுத்தே வேலைக்காலம் முடிந்த மனிதர் அவர். அவர் பெயரில் தென்காசியில் ஒரு முட்டுச்சந்துகூடக் கிடையாது. "தேவா, ராசா பேரு போயிரும்லே. வகைன்னு ஒண்ணு வந்துட்டா அது போவாது," என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பேராசிரியர் வரும் நாள் வந்தது. அவர் காலையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, மாலையில் ஸ்டுடியோவுக்கு வந்து காசைப் பார்ப்பதாக ஏற்பாடு. அறிஞர் முன் அழுக்குக் காசை வைக்கலாமா? முந்தின நாளே அண்ணாச்சி அதைச் சமையலறையில் ஒரு தம்ளர் புளித்தண்ணீரில் ஊறப் போட்டுத் தேய்த்து, மறுபடியும் ஊறப் போட்டிருந்தார். பழங்காசைத் தேய்க்கவே கூடாது என்று வெளிநாட்டு நூல்கள் கூறுவதாகப் பிற்காலத்தில் கேள்விப்பட்டேன். அவர்கள் ஊரில் புளி கிடைக்காததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அன்று முற்பகல் அண்ணாச்சி ஸ்டுடியோவுக்குள் ஓடிவந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போடப்பட்டிருந்தன. நடந்தது இதுதான்: காலையில் அவர் மனைவி ஆனந்தவள்ளி மதினி அந்தப் புளித்தண்ணீரில் ரசம் வைத்துவிட்டார். அண்ணாச்சி அதை இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்து, இன்றைக்கு ரசத்தில் ஒரு தனி ருசி இருப்பதாகப் பாராட்டியும் இருக்கிறார். அடியில் கிடந்த காசைப் பழைய பித்தளை இருபது பைசா என்று நினைத்த மதினி, அதைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு அருவியில் குளிக்கப் போனார். போகிற வழியில் பஸ்ஸில் டிக்கெட் சில்லறையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

மதினியிடம் விசாரணை நடத்த நான் வீட்டுக்குப் போனேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"புளி போட்டுப் பளபளன்னு வெளக்கி வச்சிருந்தாவ. செல்லாத காச யாராவது வெளக்குவாவளா? செலவுக்குத்தான்னு எடுத்துட்டுப் போனேன்."

பேரவையின் எந்த உறுப்பினரும் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் விவாதிக்க நேரமில்லை.

அந்த பஸ்ஸின் அடுத்த நடையைப் பிடித்தோம். கண்டக்டர் வேல்ராஜ் படியில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காசு நன்றாக நினைவிருந்தது. கையில் வாங்கிய உடனே இது நம்முடைய அரசாங்கம் அடித்த காசு இல்லை என்று தெரிந்துவிட்டதாம். பிறகு ஏன் வாங்கினாய் என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஆச்சி பட்டுக்கரை சேல கட்டியிருந்தாவ அண்ணாச்சி. அவியட்ட போயி காசு செல்லாதுன்னு எப்படிச் சொல்ல? ஐந்தருவியில எண்ணெ தேய்ச்சு விடுத இசக்கிமணி அண்ணன் பின்னாடி நின்னாரு. அவரு பாக்கிச் சில்லறையில சேத்துத் தள்ளிட்டேன். அவரு கையில எப்பவும் எண்ணெ, உத்துப் பாக்க மாட்டாரு."

பாண்டிய நாட்டின் பொருளாதாரத்தையே தள்ளிவிட்டாயே என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். வேல்ராஜ் வருத்தப்பட்டான். வருத்தப்பட்டுவிட்டு எங்கள் இருவருக்கும் டிக்கெட் கிழித்தான்.

ஐந்தருவியில் சாரல் முகத்தில் அடித்தது. இசக்கிமணி ஒரு பருத்த முதுகின் மேல் எண்ணெயைச் சப்புச் சப்பென்று அறைந்துகொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலேயே விவரம் சொன்னார். எண்ணெய்க் கையாக இருந்தாலும் தடவியதும் தெரிந்துவிட்டதாம். யாரிடமாவது மாற்றலாம் என்று பார்த்திருக்கிறார். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒற்றைத் துண்டோடு நின்றிருக்கிறார்கள். மடியும் இல்லை, பையும் இல்லை.

"கீழ இசக்கியம்மன் கோயில் உண்டியல்ல போட்டுட்டேன். வேண்டாம்னு சொல்லாத ஆளு இந்த மலையில அவ ஒருத்திதான."

அண்ணாச்சிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தக் காசின் சிறப்பை, மீன் கொடியை, கொற்கை முத்தை, கடல் வாணிபத்தை அங்கேயே நின்று முழங்கினார். குப்புறக் கிடந்த முதுகு முழுவதையும் பொறுமையாகக் கேட்டது. பிறகு, எல்லாம் சரிதான், இடது தோளில் இன்னும் கொஞ்சம் அழுத்தும்படி கேட்டுக்கொண்டது.

இசக்கியம்மன் கோயில் சின்னக் கோயில். அதன் தர்மகர்த்தா சுந்தரபாண்டியன், ஓய்வுபெற்ற ஏட்டு. ஊரே அவரை இன்னும் ஏட்டையா என்றுதான் கூப்பிடும். அவர் எங்கள் புகாரைக் கேட்டு, உண்டியலைத் திறந்து, மேலாகக் கிடந்த காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அண்ணாச்சி கையை நீட்டினார். ஏட்டையா விரல்களை மூடிக்கொண்டார்.

"உண்டியல்ல விழுந்துட்டா அது அம்மன் சொத்து அண்ணாச்சி. தூக்கிக் குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது."

"ஏட்டையா, அது என்னன்னு தெரியாமப் பேசுதிய. அது விலைமதிப்பில்லாதது வே."

ஏட்டையாவின் முகம் தெளிந்தது. "மதிப்பில்லாததா? அத முதல்லயே சொல்லப்பிடாதா? சொத்தா இருந்தாத்தான் சிக்கலு. மதிப்பில்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். பேராசிரியர் இந்நேரம் குளித்து முடித்திருப்பார். வரலாற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் வரலாற்றை மறுத்தே ஆக வேண்டும் என்ற கட்டம். இத்தகைய நெருக்கடியில்தான் ஒரு அமைப்பின் முதிர்ச்சி வெளிப்படும். நான் பேனாவைத் திறந்தேன்.

முதல் வரைவை ஏட்டையா ஏற்கவில்லை. 'தொன்மையான' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். பழசு என்றால் மதிப்பு வந்துவிடுமாம். 'பாண்டியர் காலத்தது அன்று' என்று மாற்றினேன். அதையும் அடிக்கச் சொன்னார். தன் பெயரில் பாதி அதில் கிடக்கிறதாம். கடைசியில் இப்படி அமைந்தது:

"மேற்படி உலோகத்துண்டானது எக்காலத்திலும் எந்த அரசாலும் நாணயமாக வெளியிடப்படாதது என்றும், இனி வெளியிடப்பட வாய்ப்பில்லாதது என்றும், அதில் காணப்படும் மீன்கள் தற்செயலானவை என்றும் பேரவை ஆய்ந்து சான்றளிக்கிறது."

'மீன்கள் தற்செயலானவை' என்பது என்னுடைய பங்களிப்பு. தலைவர் கையெழுத்திட்டார். செயலாளர் நானும் கையெழுத்திட்டேன். பேரவையின் ரப்பர் முத்திரை எப்போதும் என் கால்சட்டைப் பையில் இருக்கும். அதையும் எச்சில் தொட்டு அழுத்தமாகக் குத்தினேன். ஏட்டையா காசைக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணாச்சி கையைத் திறக்கவே இல்லை. அவர் சிரித்தபடி இருந்தார்.

மாலையில் பேராசிரியர் வந்தார். தலை இன்னும் ஈரமாக இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. சிவப்பு விளக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. காசை ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாங்கள் நால்வரும் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்றோம்.

"அற்புதமான காசு," என்றார் கடைசியில். "அதாவது, காசாக இருந்திருந்தால்."

வருகிற வழியில் அவர் இசக்கியம்மனைக் கும்பிட இறங்கியிருக்கிறார். உண்டியலிலிருந்து ஒரு பொருள் வெளியே போனால் பக்தர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஏட்டையா எங்கள் சான்றிதழைக் கோயில் போர்டில் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தார். பேராசிரியர் ஆராய்ச்சியாளர் அல்லவா, எதைக் கண்டாலும் படித்துவிடுவார்.

அண்ணாச்சிக்கு வாய் குழறியது. "ஐயா, அது ஒரு அவசரத்துக்கு எழுதுனது."

"கல்வெட்டும் யாரோ ஒரு அவசரத்துக்கு வெட்டியதுதான், சார்," என்றார் பேராசிரியர் மிகுந்த மரியாதையுடன். "என் கண்ணுக்கு இது காசாகத்தான் தெரிகிறது. ஆனால் என் கண் ஆதாரம் ஆகாது. எழுத்துச் சான்று வேண்டும். உலகத்திலேயே இதைப் பற்றி எழுத்தில் இருப்பது உங்கள் சான்று ஒன்றுதான். முத்திரை வேறு இருக்கிறது."

அவர் கும்பிட்டுவிட்டு இரவு ரயிலுக்குக் கிளம்பினார். அண்ணாச்சி டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அழுதார். படம் கழுவும் ரசாயன நெடியால் கண்ணில் நீர் வந்ததாக வெளியே வந்து சொன்னார். நாங்கள் அதையும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம்.

இரண்டு நாள் அவர் ஸ்டுடியோ பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: காசு தன் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கேயாவது காசாக இருந்தால் போதும். அதை உண்டியலிலேயே திரும்பப் போட்டுவிட்டு, சான்றிதழைக் கிழித்துவிடச் சொல்லலாம் என்று வந்திருந்தார்.

ஏட்டையா உண்டியல் வாயைக் கையால் மூடினார். "செல்லாத காச உண்டியல்ல போடப்பிடாது அண்ணாச்சி. போர்டப் பாருங்க. படிச்சவிய ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்காவ."

"அதுல ஒருத்தன் நான்தாம்வே."

"அதனாலதான் சொல்லுதேன்."

நூல் வெளிவந்தது. பேராசிரியர் வாக்குத் தவறாதவர், எங்களையும் சேர்த்திருந்தார். 'போலிகளும் பிறவும்' என்ற பின்னிணைப்பில், மீன்கள் தற்செயலானவை என்ற என் வாசகம் அப்படியே இருந்தது. இன்று அதை யாரோ இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். அந்தக் காசின் படத்தைச் செல்போனில் காட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் 'நாணயம் அல்ல' என்று வருகிறது. கீழே ஆதாரமாக அண்ணாச்சியின் பெயரும் என் பெயரும் வருகின்றன. அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் பெயர் நிலைத்துவிட்டது.

எனக்கு அதில் பெருமைதான். கண்டக்டருக்குச் சந்தேகம், வாங்கிக்கொண்டான். இசக்கிமணிக்குச் சந்தேகம், அவரும் வாங்கிக்கொண்டார். அம்மன் கேள்வியே கேட்கவில்லை. அது காசுதான் என்று சத்தியமாகத் தெரிந்த இரண்டு பேர்தான் இல்லை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தோம். படித்தவர்கள் என்றால் சும்மாவா?